நாலு பாகைக் குளிர்காலம்

பிறேமினி அனுப்பிய உறைக்குள்
ஒரு சிட்டிகைத் தூசி இருந்தது.
தும்மிவிடாதே, அதுதான் விதை என்றாள்.
தும்மினேன்.
மிஞ்சியதில் ஒன்று முளைத்தது.

ஓக் இலை ஹைட்ரேஞ்சியாவாம்.
ஓக் மரத்தை நான் எங்கே கண்டேன்,
எனக்கு அது உள்ளங்கை அளவு ஈரப்பலா.
மட்டக்குளியில் மூன்றாம் மாடி,
துணிக்கொடிக்குக் கீழே
நாலு வருடம் இலை இலையாய்ப் போட்டது,
பூவை மட்டும் கேட்காதே என்கிற மாதிரி.

வின்னிபெக்கில் அவள்
அதே செடிக்குச் சாக்குச் சுற்றுகிறாள்.
பனி மூடினால் நல்லதாம்,
காற்றுத்தான் மொட்டைச் சுடுகிறதாம்.
குளிர் சுடும் என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை,
ஒரே மேசையில் ஐஸ் தண்ணீருக்குள்
இறால் தலை கிள்ளியவர்கள் நாங்கள்.

'உன்னுடையது நித்திரை கொள்ளவேயில்லையடி,
பிறகு எப்படிப் பூக்கும்?'

தை மாதம், இரவு முறைக்குப் போகையில்
அதையும் பஸ்ஸில் ஏற்றினேன்.
இரண்டாம் இலக்கக் குளிரறை, நாலு பாகை,
சூரைப் பெட்டிகளுக்குப் பின்னால்.

பத்தாம் நாள் இலை சிவந்தது.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்:
வைன் நிறம், ஓரத்தில் துரு.
செவுளைத் திறந்து நிறம் பார்த்து
நேற்றையதா இன்றையதா சொல்கிற கண்
இதற்கு எந்தத் தரம் போடுவதென்று
திணறி நின்றது.

நிஸ்தார் கண்டுபிடித்தார்.
ஒன்றும் பேசவில்லை.
அன்றைய லொக் புத்தகத்தில்
சூரை 212 கிலோ, இறால் 90,
அதற்குக் கீழே அவர் கையெழுத்தில்
மரம், 1.

மாசியில் மின்வெட்டு.
முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு ஐந்து, ஏழு.
டீசலுக்குப் போன லொறி
வரிசையிலேயே இரண்டு இரவு கிடந்தது.
நாலு பாகை ஒன்பதானது, பதினேழானது,
யாரும் கதவு திறக்காமலே
வசந்தம் உள்ளே வந்திருந்தது.

அரைவாசி மீனைக் கழிவென்று எழுதினோம்.
அந்த நாற்றத்தோடு
செடியை வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.
உரிந்த பட்டை, நாலு குச்சி.
செத்ததை ஏன் சுமக்கிறாய் என்றார்கள் படிக்கட்டில்.
நானும் கத்தரிக்கோலை எடுத்தேன்தான்.

'வெட்டிப்போடாதே,
பூ வருவது போன வருசக் கட்டையில்…'
பிறேமினியின் குரல்
பற்றரியோடு சேர்ந்து நின்றுபோயிற்று.

நுனியில் நெல்மணி அளவில் ஏதோ இருந்தது.
இலையா, பூவா.
மெழுகுதிரியைக் கிட்டக் கொண்டுபோனேன்,
சூடு பட்டுவிடும் என்று
சட்டென இழுத்துக்கொண்டேன்.