பதினெட்டாவது கிலோமீட்டர்

பெருந்துறையில் ஏற்றிய மஞ்சள்
இந்தூர் போகணும்.
முதல் ராத்திரி எங்கே நிற்பேன் என்று
ஒரு மாசமாய் நினைத்து வைத்திருந்தேன்:
தெரியாத பாஷை, கூதல் காற்று,
கயிற்றுக் கட்டில், ரொட்டி சுடுகிற புகை.

நின்றது சங்ககிரி பைபாஸில்.
குமாரபாளையத்து வீட்டிலிருந்து
பதினெட்டுக் கிலோமீட்டர்.

பில்லில் வண்டி நம்பர் ஒரு எழுத்துத் தப்பு.
“காலைல மாத்தித் தர்றமுங்க,
ஓரங்கட்டிக்கோங்க” என்றது ஆபீஸ் போன்.
இருபத்தஞ்சு டன்னை ரோட்டில் விட்டுவிட்டு
வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியாது.

பார்க்கிங் நூறு. குளிக்க இருபது.
சார்ஜ் போடப் பத்து.
சீட்டுக் கிழித்த பாவாயி என் பேரைக் கேட்கவில்லை.
“நாலாயிரத்து எழுபத்தொண்ணுங்களா?
மஞ்சளா? ரெண்டாவது வரிசை.”
நாலாயிரத்து எழுபத்தொன்று
தொட்டித் தண்ணீரில் குளித்தது,
புரோட்டா தின்றது, தயிர் கேட்டது,
தீர்ந்துபோச்சு என்றார்கள், சரி என்றது.

சம்பூரணம் போனில் கேட்டாள்,
“எங்க போயிட்டிருக்கீங்க?”
தொப்பூர் தாண்டியாச்சு என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இப்போதும் தெரியவில்லை.
“மேட்டுல பாத்துப் போங்க” என்றாள்.
மலைக்கோட்டை எனக்கு மேலே இருட்டில் நின்றது.
எங்கள் மொட்டை மாடியிலிருந்து
பகலில் பார்த்தால் தெரிகிற அதே மலை.

பதினாலு வருஷம் தறி ஓட்டியவன் நான்.
சத்தத்தில் தூங்குவேன்,
சத்தம் நின்றால் எழுந்துகொள்வேன்.
நூல் அறுந்து ஒரு தறி நின்றாலும்
கண் தானாகத் திறக்கும்.
பக்கத்தில் நின்ற மீன் வண்டிக்காரன்
பெட்டியைக் குளிராய் வைக்க
விடிய விடிய மோட்டார் ஓட்டுகிறான்.
மற்றவர்களுக்கு அது தொந்தரவு.
எனக்கு அது ஷெட்.
கொசுவர்த்தி முழுசாய் எரியுமுன்னே தூங்கிப்போனேன்.

மூணு மணிக்கு மீன் வண்டி கிளம்பிப் போனது.
அந்த அமைதி என்னை உலுக்கி எழுப்பியது.

அமைதிக்குள்ளே ஒரு சத்தம்.
கொளக், கொளக்.
குழந்தை பால் குடிக்கிற மாதிரி.
என் டேங்க்.

வீல் ஸ்பேனர் சீட்டுக்கு அடியில் கிடந்தது.
கை அங்கே போகவில்லை.
பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.
ஹாரன் மேல் கையை வைத்து
எடுக்காமல் அழுத்தினேன்.

ஓடுகிற காலடி.
அப்புறம் முதல் வரிசையிலிருந்து ஒரு ஹாரன்.
பின்னாலிருந்து ரெண்டு.
ரிக் வண்டி ஒன்று யானை மாதிரி.
நாற்பது வண்டி இருக்கும்,
எந்தக் கதவும் திறக்கவில்லை,
ஒரு முகம்கூட எட்டிப் பார்க்கவில்லை,
படுத்தபடியே எல்லாரும் அடித்தார்கள்,
ஊரே கூப்பிடுகிற மாதிரி.
பிறகு ஒவ்வொன்றாய் ஓய்ந்தது.
கடைசியாக ஒருத்தன்
சின்னதாய் ஒரு ‘பீப்’.
தூங்கு என்றா, திட்டினானா?

இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மூடிப் பூட்டு நெம்பிக் கிடந்தது,
ட்யூப் தொங்கிக்கொண்டிருந்தது.
முக்கால் கேன் என் டீசல்.
திரும்ப ஊற்றினேன்.
கால்வாசி செருப்பில் வழிந்தது.

ஏழரைக்குப் பில் சரியாகி வந்தது.
இந்தூருக்கு ஆயிரத்து அறுநூறு சொச்சம்,
அதில் ஒரு கிலோமீட்டரும் குறையவில்லை.
காசு கட்டப் போனபோது
காலிக் கேனையும் எடுத்துப் போனேன்.
“உங்களதுங்களா?” என்றாள் பாவாயி.
இல்லைங்க என்றேன்.

ஏனென்று கேட்கவில்லை.
வாங்கி, ட்யூபைச் சுருட்டி உள்ளே திணித்து,
நாற்காலிக்குப் பின்னால்
சுவரோரம் வரிசையாய் நின்ற
பதினோரு கேன்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு மீதிச் சில்லறை எண்ணினாள்.