முப்பத்தெட்டுக் காசு பாக்கி

ஓதம் பார்க்கும் செயலி ஒன்று.
ஆண்டுக்குப் பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு.
ஜெலுத்தோங் கரையில் தூண்டில் போடுகிறவன்
எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று
தெரிந்துகொள்ள ஆசைப்படுவது
பெரிய ஆடம்பரமில்லை.

வாங்கு என்று தொட்டேன்.
கட்டண முறையைச் சரிபார்க்கவும் என்றது.
அட்டையை மாற்றினேன்.
இந்த அட்டை இந்த நாட்டில் செல்லாது என்றது.
எந்த நாட்டில்?
அட்டை பினாங்கு வங்கி கொடுத்தது.
நானும் பினாங்கில்தான் நிற்கிறேன்,
காலில் இந்த ஊர்ச் சேற்றோடு.

பிராங்கின் மாலில்
உறைகள் தோரணமாய்த் தொங்கும் கைப்பேசிக் கடையில்
கிம் லெங் என்ற பெண்
என் திரையை நாலு தட்டுத் தட்டிவிட்டு
மலாயில் சொன்னாள்:
அங்கிள், நீங்கள் இன்னும் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள்.

பதினொரு வருஷம் இருந்தேன்.
கிரேன் ஓட்டினேன்.
திரும்பி வந்து மூன்று தீபாவளி ஆயிற்று.
பெர்மிட்டை ஒப்படைத்தேன், அறைச் சாவியை ஒப்படைத்தேன்,
மேல்கட்டிலையும் மின்விசிறியையும்
திருத்துறைப்பூண்டிப் பையன் ஒருவனிடம் விட்டேன்.
கைப்பேசிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

நாட்டை மாற்றலாம். ஆனால்
அந்தக் கணக்கில் முப்பத்தெட்டுக் காசு நிற்கிறது,
அது தீராமல் விடாது என்றாள்.
"பாக்கி" என்றாள்.
மலாய்ச் சொல்தான், என் காதில் தமிழாய் விழுந்தது.
அவள் சொன்னது எனக்கு அங்கே இருப்பது.
நான் கேட்டது நான் அங்கே வைத்துவிட்டு வந்தது.

முப்பத்தெட்டுக் காசுக்கு என்ன கிடைக்கும்?
இருவரும் தேடினோம்.
பூனை விளையாட்டில் பூனைக்கு ஒரு தொப்பி,
அதுவே தொண்ணூற்றெட்டு.
சௌரஸ்தா மார்க்கெட்டாக இருந்தால்
கறிவேப்பிலையோடு கணக்கு முடிந்திருக்கும்.

உதவி மையத்துக்கு எழுதினேன்.
பதில் வந்தது, மரியாதையாக:
திரு. வைரக்கண்ணு அவர்களே,
மீதித் தொகையைக் கைவிடச் சம்மதமா?

இரண்டு தடவை படித்தேன்.
ஏஜெண்டு கேட்டதில்லை.
ஓவர்டைமில் பாதியைப் பிடித்தவன் கேட்டதில்லை.
சம்மதமா என்று கேட்டு
என் காசை எடுத்தவர்கள் இவர்கள்தான் முதல்.
கோப்பி ஆறும்வரை யோசித்தேன்.
சம்மதம் என்று எழுதினேன்.

அதோடு முடியவில்லை.
படங்கள் சேமிக்கும் சந்தா ஒன்று
பதினேழாம் தேதிவரை ஓடுகிறதாம்.
அது ஓடி முடியட்டும் என்றார்கள்.
பதினேழுவரை குத்துமதிப்பாகத் தூண்டில் போட்டேன்.
ஒருநாள் தண்ணீரே இல்லை.
சேற்றில் நண்டுகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பதினெட்டாம் தேதி
நாடு: மலேசியா.
ஐம்பது பக்கம் நிபந்தனைகள்.
படிக்காமல் ஒப்புக்கொண்டேன்,
பழக்கம்தான்.
அஞ்சல் குறியீட்டுக்கு ஐந்து கட்டம்.
விரல் தன்பாட்டில் ஆறு எண் அடித்தது,
அந்த விடுதியின் எண்.
கடைசி எண் உள்ளே போகவில்லை.
அழித்தேன். என் வீட்டு எண்ணை
மின்கட்டண பில்லைப் பார்த்து எழுதினேன்.

அட்டை நிராகரிக்கப்பட்டது.

இப்போது வங்கி.
இணையக் கொள்முதல் என்ற பொத்தான்
அணைந்து கிடந்தது.
யார் அணைத்தது என்று
வங்கிப் பெண்ணிடம் எரிந்து விழுந்தேன்.
நீங்கள்தான் சார், போன மார்ச்சில்.
ஆமாம். மோசடிக்காரன் ஒருவன்
பக்கத்து வீட்டு சிதம்பரநாதனிடம்
நாலாயிரம் சுருட்டிய வாரம்.
மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பொத்தானைத் திருப்பினேன்.

பச்சைக் குறி.
பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு போயிற்று.
செயலி திறந்தது. நீலக் கோடு ஒன்று வளைந்து இறங்கியது.
மேலே எழுதியிருந்தது: தஞ்சோங் பகார்.

அங்கே தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.
ஐந்து மணிக்கு அடிமட்டம்.
கிரேன் மேலிருந்து அந்தக் கடலை
பதினொரு வருஷம் பார்த்திருக்கிறேன்,
ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.
கோடு கீழே தொடும்வரை வைத்திருந்தேன்.

பிறகு இடத்தை மாற்றினேன்.