கைப்பற்றிய பொருளின் நிலை

எங்கள் லிஃப்ட் பத்து தெத்ரி போட்டால்தான் ஏறும்.
காசில்லாமல் கீழே நின்றார்கள் இரண்டு பேர்.
நான்தான் கொடுத்தேன்.
யாரென்று கேட்கவில்லை,
கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது, அமைச்சகம்.
அந்தக் காசுக்காகத்தான் இன்றைக்கும் வருந்துகிறேன்,
கையெழுத்துக்காக அல்ல.

எட்டாம் மாடியில் லம்சீரா.
பல்செட் செய்யும் கூடத்தில் வேலை,
பிறர் வாய்க்கு அளவெடுத்தே பழகிய கை.
போன குளிர்காலத்தில் பால்கனிக் கம்பியில்
சோப்புப் பெட்டி அளவில் வெள்ளைக் கருவி ஒன்றைப் பூட்டினாள்.
காற்றில் என்ன தூசு மிதக்கிறதென்று அது எண்ணும்.
எண்ணியதை அட்டையில் எழுதி
லிஃப்டுக்குள் ஒட்டுவாள், காசுப் பெட்டிக்கு நேர் மேலே.
காசு போடுகிறவன் படிக்காமல் தப்ப முடியாது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை.
உருக்காலைச் சம்பளத்தில் எரிகிறது என் அடுப்பு.
எண் தெரிந்துவிட்டால்
மூச்சை நிறுத்தி வைக்கவா முடியும்?
முற்றத்துக்குக் குறுக்கே கப்பியில் ஓடும் கொடியில்
நத்தேலா காயப்போடும் விரிப்புகள்
மாலைக்குள் துருநிறமாகிவிடும்.
அதைவிடவா இது சொல்லிவிடப் போகிறது என்பேன்.
"துணி சொன்னால் யாரும் எழுதிக்கொள்வதில்லை, மல்ஹாஸ்"
என்பாள் லம்சீரா.

இலையுதிர்காலத்தில் சட்டம் வந்தது:
உரிமம் இல்லாமல் காற்றை அளப்பது குற்றம்.
மூச்சு விட உரிமம் கேட்கவில்லை, அதுவரைக்கும் தாராளம்.
அரசாங்கத்துக்கென்று ஒரு கருவி உண்டு,
நதிக்கு அக்கரையில், திராட்சைத் தோட்டத்து நடுவில்.
அதன் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை.

அன்றிரவு திபிலிசிச் செய்தியில்
சட்டத்துக்கு அடுத்து அறிவியல்.
ஏதோ ஒரு தூரத்துச் சூரியனைச் சுற்றும் கோளில்
காற்று எப்படியென்று
தொலைநோக்கியில் பார்த்தே சொல்லிவிட்டார்களாம்.
நீராவி, கொஞ்சம் கரியமில வாயு.
அங்கே அமைச்சகம் இன்னும் திறக்கவில்லை போலும் என்றேன்.
நத்தேலா டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.
எங்கள் கட்டடத்தில் சுவர்கள் மெல்லியவை.

பொருளைக் கைப்பற்ற ஒரு சாட்சி வேண்டுமாம்.
காசு கொடுத்தவனையே கூப்பிட்டார்கள்.
இளையவன், ஷோத்தா, முழங்காலில் படிவத்தை வைத்து எழுதினான்.
பொருளின் பெயர். நிறம். வரிசை எண். எதில் பூட்டியிருந்தது.
லம்சீரா கத்தவில்லை.
ஸ்க்ரூட்ரைவர் எடுத்துவந்து
தானே கழற்றிக் கொடுத்தாள்,
ஆடும் பல்லை எடுக்கும் பதத்தில்.

கைப்பற்றும்போது பொருளின் நிலை என்றொரு கட்டம்.
'இயங்குகிறது' என்று எழுதினான்.
"எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றாள் அவள்.
அவன் மூத்தவரைப் பார்த்தான்.
மூத்தவருக்குப் படிவம்தான் வேதம்.
"திரையில் இருப்பதை எழுதிவிடு.
நாளைக்குக் கெட்டுப்போனால் நம் தலையில் விழும்."

இருநூற்றுப் பதினேழு.
எண்ணிலும் எழுத்திலும்.
தேதி, மணி, எட்டாம் மாடி, மேற்குப் பால்கனி.
வட்ட முத்திரை ஊதாவாய் விழுந்தது.
சாட்சி: நான், உருக்காலை, மூன்றாம் உலை.

சட்டப்படி ஒரு நகல் அவளுக்கு.

இறங்குவதற்கு லிஃப்ட் காசு கேட்பதில்லை.
ப்ளாஸ்டிக் பைக்குள்ளும் அது எண்ணிக்கொண்டுதான் இருந்தது.
கதவு மூடும்போது
ஷோத்தா குனிந்து அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.
அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மறுநாள் காலை காசுப் பெட்டிக்கு மேலே
அட்டை இருந்த இடத்தில் படிவத்தின் நகல்.
அமைச்சகமே அளந்து அமைச்சகமே முத்திரையிட்ட எண்,
அதற்கு எந்த உரிமமும் தேவையில்லை.
அடியில் கோணல்மாணலாய் என் பெயர்.

என் உலையின் ஃபோர்மன் ஆறாம் மாடியில் இருக்கிறார்.
தினமும் பத்து தெத்ரி போடுகிறார்.
இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை,
நேற்று மட்டும்
என்னையும் ஏற்றிக்கொண்டு, எனக்கும் சேர்த்துத் தானே காசு போட்டுவிட்டு,
ஆறு மாடியும் இருமிக்கொண்டே வந்தார்.