ரிவர்ஸ்

பதினாலு மாதம் ஒரே வீட்டுக்குள் கிடந்தோம்.
கதவைத் திறக்கலாம் என்று அரசு சொன்னதும்
முதல் வேலையாக
அதைவிடச் சின்ன வீடு ஒன்றை
வாடகைக்கு எடுத்தோம்,
சக்கரத்தோடு.

நோரீன் சிரிக்கவில்லை.
ஓராண்டாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னிருந்து
மாவுக்கும் ஈஸ்டுக்கும் டாய்லெட் பேப்பருக்கும்
பில் போட்டவள்.
"யாரும் பேசாத இடம். அது போதும்," என்றாள்.

பிரெஸ்டனில் சாவி தந்த பையன்
ஆறடி தள்ளி நின்று விரலால் காட்டினான்:
அது கேஸ். அது தண்ணீர்.
அது கழிவுப் பெட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை;
மறந்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

வழியில், எதிரே வந்த வீட்டு வண்டியெல்லாம்
எங்களைப் பார்த்துக் கை உயர்த்தியது.
டயரில் காற்றில்லையோ, பின்கதவு திறந்திருக்கிறதோ என்று
இரண்டு தரம் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.
மூன்றாவது கைக்குப் பிறகுதான் புரிந்தது:
வேறொன்றுமில்லை,
வணக்கம்.

அல்ஸ்வாட்டர் கரையில் முதல் ராத்திரி.
தரை சமமில்லை.
அவித்த முட்டை மேஜையின் இந்தக் கோடியிலிருந்து
அந்தக் கோடிக்கு
ஏதோ முடிவெடுத்ததுபோல் உருண்டு போனது.
தூக்கத்தில் நோரீனும்
என் பக்கம் உருண்டு வந்தாள்.
"சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்கட்டுமா?" என்றேன் காலையில்.
ஏரியைப் பார்த்துக்கொண்டே
"இருக்கட்டும்" என்றாள்.

படகுத்துறைப் பலகையில்
இரண்டு மீட்டருக்கு ஒரு ஜோடி மஞ்சள் பாதம்.
ஒன்றின்மேல் ஒரு வாத்து மட்டும்
ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது.
ஆடுகளிடம் யாரும் சொல்லவில்லை போலும்,
கழுத்தோடு கழுத்து.
எதிரே மலை,
மேகத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டபடி
சட்டத்துக்கு அடங்காத கிழவர்போல.

ஆம்பிள்சைடுக்கு இறங்கும் அந்தச் சாலைக்கு
ஊரார் வைத்த பெயர் 'திண்டாட்டம்.'
இரு பக்கமும் கற்சுவர். ஏப்ரல் மழை.
பாதி வழியில் மூக்குக்கு மூக்காக இன்னொரு வீடு.
இறங்குகிறவன் விட்டுக்கொடுப்பதுதான் வழக்கமாம்.
எனக்கோ ரிவர்ஸ் என்றால்
இருபது வருஷமாக உள்ளங்கை வியர்க்கும்.

நோரீன் இறங்கினாள்.
அங்கிருந்தும் ஒருத்தி, எழுபது இருக்கும்,
ரப்பர் பூட்ஸும் நனைந்த நாயுமாக.
டிலிஸ் என்று பெயர், வேல்ஸிலிருந்து,
தனியாகத்தான் ஓட்டி வருகிறாளாம்.
ஆளுக்கொரு சுவரோரம் நின்று கத்தினார்கள்:
வா, வா, உன் இடது,
உன் இடது இல்லை, என் இடது,
நில்! நில்லு மனுஷா!
அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள்.

நூறு கஜம். நாற்பது நிமிஷம்.
ஒதுங்கிடத்தில் வண்டி செருகிக்கொண்டதும்
இருவரும் குதித்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டு.
பிறகுதான் கவனித்தார்கள்,
பிடித்திருப்பது கை என்று.
பக்கக் கண்ணாடியில் நான் பார்த்தேன்:
விடவேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது,
யார் முதலில் என்று தெரியவில்லை.
நாய் உடம்பை உதறி
விஷயத்தை முடித்து வைத்தது.

அன்றிரவு தகரக் கூரையில் மழை.
நோரீன் தானாகச் சொன்னாள்:
"தினமும் ஒரு ஆள் வருவார்.
ஒரு டப்பா சூப். ஒன்றே ஒன்று.
இரண்டாக வாங்கினால்
மறுநாள் வர வேண்டியிருக்காதில்லையா?
பிப்ரவரியில் நின்றுவிட்டார்.
பெயர்கூடக் கேட்டதில்லை நான்."

என்ன சொல்வது.
கெட்டிலை வைத்தேன்.

மூன்றாம் நாள்.
கழிவுப் பெட்டியின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து
மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தோம்.
முந்நூறு யார்டுக்கு அப்பால்
மூச்சு விட்டபோது
காற்றில் ஈரப் பெரணி வாசம்.

மறுபடி சாலை.
அடுத்த வளைவில் நோரீன் முந்திக்கொண்டு கையை உயர்த்தினாள்.
வந்தது வெறும் ரொட்டி வண்டி.
ஓட்டியவன் கொஞ்சம் யோசித்தான்,
பிறகு அவனும்.