பதினொன்றாம் படி

நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள்.
மூன்று பேரை அழைத்தோம்,
அதுவும் பிப்ரவரியில்.
சாஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
வாகன நிறுத்தத்தில் என் காரின் மூக்கிலிருந்து
மின்கம்பியைப் பிடுங்கியபோது
ஃபரீபா கேட்டார்:
"இதற்கும் சார்ஜ் ஏற்ற வேண்டுமா?"

முதலில் வந்தவர்
பதினேழு படிகளை வழுக்காமல் ஏறிக் காட்டிவிட்டார்.
அடுத்தவரின் படங்களில்
அவரைவிட அவருடைய பேராசிரியர் அதிகம்.
ஃபரீபா பதினொன்றாம் படியில் நின்றுகொண்டார்.
"இங்கே விளைச்சல் நான்கு சதவீதம்.
எட்டு மாதம் போயிற்று.
குடுவையின் அடியில் தார் மாதிரி ஒன்று.
கழுவி ஊற்றாமல் என் மாணவி எடுத்து வைத்தாள்.
இன்று பேசப்போவது அந்தத் தாரைப் பற்றி."

சாக்பீஸ் ஒடிந்தது.
மிச்சத் துண்டால் வளைந்த அம்பு போட்டார்,
எலெக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து
இல்லாத இடத்துக்கு.
வருடா வருடம் விடைத்தாள்களில்
நான் திருத்துவதும் இந்த அம்பைத்தான்.
பாதிப் பேர் தலைகீழாகப் போடுகிறார்கள்.

திரும்பும் வழியில்
"டொலுயீனில் செய்து பார்த்தீர்களா?" என்றேன்.
கையுறையைக் கழற்றி
ஜன்னலில் படிந்த பனியில் விரலால் எழுதிக்கொண்டார்.

குழு கூடியது.
தலைவர் வென்டல் நிதி பற்றிப் பேசினார், நெடுநேரம்.
"நமக்குப் பொருந்துவாரா?" என்றது ஒரு குரல்.
எதற்குப் பொருந்த என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.
பத்தொன்பது வருடத்துக்கு முன்
என் கோப்பின் மேலும்
இதே மேசையில் அந்தச் சொல் விழுந்திருக்கும்.
கை தூக்கினோம்.
நான்குக்கு மூன்று. ஃபரீபா.

கடிதம் டீனின் கையெழுத்துக்காக
ஏழு வாரம் கிடந்தது.

பதில் ஏப்ரலில் வந்தது.
மெல்பர்னில் கணவருக்கும் சேர்த்து வேலை,
மன்னிக்கவும், நன்றி.
கீழே எனக்கு மட்டும் ஒரு வரி:
"டொலுயீனில் முப்பத்தெட்டு சதவீதம்."

இரண்டு முறை படித்தேன்.
மகிழ்ச்சிதான்,
யாரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அவருக்கென ஒதுக்கிய ஆய்வகத்தில்
புகை உறிஞ்சி நிற்காமல் ஓடுகிறது.
அணைக்கக் கூடாதாம், விதி.
உறிஞ்ச அங்கே எந்தப் புகையும் இல்லை.
கட்டடத்தின் வெதுவெதுப்பை
இரவெல்லாம் இழுத்து
வெளியே
வானத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

புது விளம்பரத்துக்கு வாசகம் கேட்கிறார் வென்டல்.
பழையதையே அனுப்பினேன்.
ஒரே ஒரு திருத்தம்:
நேர்காணல், செப்டம்பரில்.