ஒன்று ஐந்து மூன்று ஆறு இரண்டு நான்கு

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள்.
எங்கள் வீட்டில்
மெக்கானிக்கைக் கண்டால் சத்தத்தைக் காணோம்.
மூன்று முறை கொண்டுபோனேன் கோரியோ பட்டறைக்கு.
மூன்று முறையும் பால் குடித்த பூனையாய் நின்றது.
திரும்பும் வழியில், ரயில்வே கேட் தாண்டியதும்
டொக். டொக். டொக்.

எழுபத்திரண்டாம் வருடத்து ஃபால்கன்.
கத்தரிப்பூ நிறம்.
இதன் எஞ்சினை வார்த்த ஜீலாங் ஆலையின் கூரை
எங்கள் தெருமுனையில் நின்றால் தெரியும்.
இப்போது அங்கே எஞ்சின் வார்ப்பதில்லை.
வக்கீல் அனுப்பிய பட்டியலில் கார் ஏழாவது.
ஆறாவது சோபா.
எட்டாவது என் தையல் மெஷின்,
அது எப்படி இருவருக்கும் பொது என்று
இன்னும் எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை வாங்குகிற ஆள் வருகிறார்.
அதற்குள் சத்தம் எதுவென்று தெரியட்டும் என்றேன்.
"என்ன சத்தம்?" என்றான் அருணகிரி.
மார்ச்சிலிருந்து இதே பதில்.

பக்கத்து வீட்டு டிராகிட்சா
அந்த ஆலையில் பத்தொன்பது வருடம் பிஸ்டன் மாட்டியவர்.
வேலிக்கு மேலிருந்தே தீர்ப்புச் சொன்னார்:
பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கு.
இரண்டு கையையும் விரித்தார்,
ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் விரிப்பதுபோல்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.
மிதிக்க ஒருவர், கேட்க ஒருவர்.
அவன் இருக்கையில். நான் பானட்டுக்குள்.
நீள ஸ்குரூடிரைவரின் முனை இரும்பில்,
பிடி என் காதெலும்பில்.
மிதி.
விடு.
கொஞ்சமாய் மிதி. அப்படியே வை.
ஏழு மாதத்தில் நாங்கள் பேசிய
மிக நீளமான பேச்சு.

ரப்பர் கையுறை போட்டு
பிளக் வயர்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி மாட்டினேன்.
பேரிங் கோளாறு என்றால்
அந்த சிலிண்டரை அணைத்ததும் தட்டல் தணியும்.
வெடிக்கிற வரிசையிலேயே போ என்று
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வாய்ப்பாடாய்ச் சொன்னான்:
ஒன்று
ஐந்து
மூன்று
ஆறு
இரண்டு
நான்கு.
ஆறு தடவையும் எஞ்சின் நொண்டியது.
ஆறு தடவையும் டொக் மட்டும் தன் பாட்டுக்கு.
வேலிக்கு மேலே பார்த்தேன்.
டிராகிட்சாவைக் காணோம்.

காதைப் பின்னுக்கு நகர்த்தினேன்,
எஞ்சின் முடிந்து கியர்பாக்ஸ் தொடங்கும் இடம்.
பிரேக்கை அழுத்திக்கொண்டு கியரில் போடு என்றேன்.
போட்டான்.
நின்றுபோனது.
மின்கம்பியில் ஒரு மேக்பை பாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.
நியூட்ரல். டொக்.
டிரைவ். ஒன்றுமில்லை.
நியூட்ரல். டொக்.

அணைத்துவிட்டு அடியில் படுத்தேன்.
நான்கு போல்ட், ஒரு தகர மூடி.
டார்ச் அடித்தால் பல் வைத்த வட்டத் தகடு,
அதன் நடு போல்ட்டுகளைச் சுற்றி
மூன்றாம் பிறைபோல் வளைந்த விரிசல்.
மயிரிழைதான்.
எஞ்சினுக்குக் குறையில்லை.
கியர்பாக்ஸுக்கும் குறையில்லை.

அவனும் வந்து எட்டிப் பார்த்தான்.
"இதை வைத்து ஏதாவது சொல்லிவிடாதே" என்றான்.
நான் சொல்லவில்லை.
தகடு நூற்றெண்பது டாலர் இருக்கும்,
கியர்பாக்ஸை இறக்கக் கூலி தனி.
இதைத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து, டயரைப் பார்த்தபடி,
"எனக்குக் கேட்டது.
மார்ச்சிலிருந்தே கேட்டது.
கேட்டதென்று சொன்னால்
விற்றுவிடலாம் என்பாய்."

மூடியைத் திரும்ப மாட்டும்போது
போல்ட் மூன்றுதான் இருந்தது.
இருவரும் முட்டிபோட்டுத் தேடினோம்,
வெளிச்சம் போகும்வரை, பிறகு போன் வெளிச்சத்தில்.
எண்ணெய்க் கையோடு அவன் என் தலையிலிருந்து
ஒரு புல்லை எடுத்துப் போட்டான்.
நான்காவது கிடைக்கவில்லை.

கிடக்கட்டும்.
ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டுகிற மெஷினில் சிக்கும்.
யார் வெட்டுகிறோமோ
அவருக்குக் கேட்கும்.