இரண்டாம் எடை

ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.
மூன்று வாரமாக இந்த எண்ணோடுதான் எழுந்திருக்கிறேன்.
பல் துலக்கும்போது கண்ணாடியில் நிற்கிறது.
பள்ளிப் பேருந்தில் எனக்கு முன்பே ஏறி
ஜன்னலோரம் பிடித்துக்கொள்கிறது.

எவ்வளவு வாங்கினாய் என்று யாரும் கேட்பதில்லை.
"திரும்ப எழுதுகிறாயா?" என்கிறார்கள்.

மூன்றாம் முறை எழுதி ஆயிரத்து ஐந்நூற்று இருபது வாங்கிய
பிராண்ட் ஹெஸ்லர் சொல்கிறான், பழகிவிடுமாம்.
அவனுக்கு டென்வரிலிருந்து
திரையில் வந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது.
எனக்கு இருப்பது நூலகத்துப் புத்தகம்.
யாரோ எல்லாக் கேள்விக்கும்
பென்சிலால் விடையை வட்டமிட்டுவிட்டார்கள்,
பாதி தப்பு.

ஆலோசகர் திருமதி கெல்கார்ட் நாற்காலியை நகர்த்திப் போட்டு
மெதுவாக விளக்கினார்:
"இரண்டு தேர்விலும் எந்தப் பகுதி எதில் அதிகமோ
அதை மட்டும் எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள், யாரெலி.
உனக்கு நஷ்டமே இல்லை."
அன்று மாலை பாத்திரம் கழுவும்போது யோசித்தேன்.
அம்மா சிரித்துக்கொண்டே இருந்த ஒரு வருஷத்தையும்
அப்பா குடிக்காமல் இருந்த ஏழு மாதத்தையும்
எடுத்து ஒட்டி, இதுதான் எங்கள் வீடு என்று
எங்காவது அனுப்ப முடிந்தால்.

நஷ்டம் உண்டு. அறுபத்தெட்டு டாலர்.
சிட்னி வரை எழுபத்தாறு மைலுக்குப் பெட்ரோல், திரும்பி வரவும்.
ஒரு சனிக்கிழமைக் கூலி.
நாற்பது கூடினால் உதவித்தொகை ஒரு படி ஏறும்.
நாற்பது என்றால் மூன்று நான்கு கேள்வி.
அதில் ஒன்று இன்னும் என்னை விடவில்லை:
சரக்கோடு ஒரு லாரியின் எடை, அதில் பாதியைக் கொட்டிய பின் எடை,
காலி லாரியின் எடை எவ்வளவு?
தப்பாகப் போட்டேன்.
ராத்திரியெல்லாம் லாரி எடை போடுகிறவள்.

ஸ்காட்ஸ்பிளஃபில் சர்க்கரை பீட் அறுவடை முடியும்வரை
நான் இந்த எடைமேடை அறையில்தான்.
நிறைந்து வரும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வரும், எழுதுவேன்.
கழித்தால் கிழங்கு.
அதிலும் ஒரு வாளி எடுத்துக் கழுவிப் பார்த்து
ஒட்டிய மண்ணுக்கென்று கொஞ்சம் குறைப்பார்கள்.

என்னை மட்டும் நிறைந்தபடியே ஒருமுறை நிறுத்துவிட்டு
போகச் சொன்னார்கள்.
முதல் நாள் இரவு தம்பிக்குக் காய்ச்சல்,
அந்த மண்ணை யாரும் கழிக்கவில்லை.

இது சாக்கு.
தம்பி ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டான்.
நான்தான் விழித்துக்கொண்டு
கூரையில் ஓடும் எலியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்று கடைசி நாள்.
நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது மூடிவிடும்.
பதிவுப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து
ஹீட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன்.
பதினொன்று நாற்பதுக்கு
வில்பர் ரைஃப்ஷ்னைடரின் லாரி மேடையேறியது.
எண்ணைச் சொன்னேன்.
"திரும்பப் போடு" என்றார், வழக்கம்போல.
இந்த சீசன் முழுக்க ஒவ்வொரு நடையும் கேட்டிருக்கிறார்,
ஒருமுறைகூட மாறியதில்லை.
கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது,
போட எனக்குச் சம்பளம் இருக்கிறது.
இறங்கினார், பின்னால் எடுத்தார், மறுபடி ஏற்றினார்.

இருபது பவுண்டு கூடியிருந்தது.

"பார்த்தாயா!" என்று ஜன்னலைத் தட்டினார்.
பார்த்தேன்.
கிழங்கின் மேல், அவர் தொப்பியின் மேல்,
லாரியின் முன்மூடி மேல்
பொறுமையாகப் பனி விழுந்துகொண்டிருந்தது.
ஒன்றும் சொல்லாமல் சீட்டில் இரண்டாவது எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
காலி லாரியாகத் திரும்பும்போது
அந்தப் பனியும் கூடவே வரும், கணக்கு சரியாகிவிடும்.

கைபேசியில், வெகுநேரம் ஒன்றும் செய்யாததால்
வெளியேற்றிவிட்டோம் என்றது பக்கம்.
பதினொன்று ஐம்பத்தாறு.
கையுறையைப் பல்லால் கழற்றி
கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன்.
மறுபடி அடித்தேன்.

சிட்னி சாலையில் பனி இருந்தால்
விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும்.
வைப்பருக்குப் புது ரப்பர் வேண்டும் என்று
அம்மாவிடம் சொல்ல வேண்டும்.